கைவிளக்கேந்திய காரிகை தந்த பள்ளி

செவிலியர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். இரவு நேரத்தில் கையில் விளக்குடன் காயமுற்ற வீரர்களைத் தேடிச் சென்ற அவரை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், வசதியற்ற வீட்டுப் பெண்களும் செவிலியர் ஆவதற்கு அவர் வழி திறந்து வைத்ததை நம்மில் பலர் அறியோம்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருடைய பெயராயிற்று. பதினாறு வயதிலேயே இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக உணர்ந்தார். 1845-இல் சாலிஸ்பரி மருத்துவமனையில் சேர்ந்து பயிற்சி பெற விரும்பினார். பெற்றோர் மறுத்துவிட்டனர். கல்வியும் ஒழுக்கமும் இல்லாதவர்கள் செய்யும் வேலை அது என்ற எண்ணம் அந்நாளில் பரவியிருந்தது. வீட்டில் பணம் இருந்தது, அனுமதிதான் இல்லை! ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்து, 1851-இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார்.

1854-இல் கிரிமியப் போரின்போது 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பது நமக்குப் பெருமை. அவர்களில் ஒருவரான அன்னை மேரி கிளேர் மூர், அம்மையாரின் வாழ்நாள் தோழியானார். அங்கே காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம். 1855-இல் சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்திற்கும் வழி செய்த பிறகே சாவு வெகுவாகக் குறைந்தது. அன்பு மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்பதை அம்மையார் நன்கு உணர்ந்தார்.

அவருடைய தொண்டைப் போற்றி மக்கள் திரட்டிய நிதி 44,000 பவுண்டுக்கும் மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. மாணவியருக்குக் கட்டணம் கிடையாது. தங்குமிடம், உணவு, சீருடை எல்லாம் பள்ளியே தந்தது. கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டும் கிடைத்தது. ஓராண்டு நோயாளிகளின் அருகிலேயே நின்று வேலை கற்றனர். நேரந்தவறாமை, தூய்மை, நம்பகத்தன்மை ஆகியவற்றை மாதந்தோறும் குறித்து வைத்தனர். பயிற்சி முடிந்ததும், அனுப்பும் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. பணத்திற்குப் பதிலாக உழைப்பையே அவர்கள் கட்டணமாகச் செலுத்தினர் எனலாம்.

அப்பள்ளியில் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் 1865-இல் லிவர்பூல் ஏழையர் விடுதியின் மருத்துவமனைக்குச் சென்று, நாதியற்ற நோயாளிகளைப் பேணினார். 1868-இல் அங்கேயே காய்ச்சல் கண்டு உயிர் நீத்தார். அதே ஆண்டில் லூசி ஆஸ்பர்ன் ஐந்து செவிலியருடன் ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னிக்குச் சென்றார். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பட்டன. அம்மையார் தமது தொண்ணூறாம் வயதில், 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் பிறந்த நாளே உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அன்புத் தோழியரே! பத்தாம் வகுப்பில் பயிலும் நம்முள் பலருக்குச் செவிலியர் ஆக ஆசை உண்டு. வீட்டு நிலையை எண்ணி அதை வெளியில் சொல்லாமல் இருப்போரும் உண்டு. பெரிய கட்டடத்தையும் விளம்பரத்தையும் கண்டு மயங்க வேண்டாம். அரசு அங்கீகாரம் உண்டா, நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை அதனுடன் சேர்ந்திருக்கிறதா, விடுதியும் சீருடையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு, பயிற்சிக்குப் பின் எத்தனை ஆண்டு பணிபுரிய வேண்டும் என்று கேட்டறிவோம். கட்டணம் குறைந்த அரசுப் பயிற்சிப் பள்ளியில் மூன்றாண்டுப் பட்டயம் பெறுவது எவ்வகையிலும் தாழ்வன்று. பெற்றோரைக் கடனில் ஆழ்த்தாமல் கற்று, பிறர் துயர் துடைப்போமாக!