மிளகு வாங்க கொச்சி வந்த சசெட்டி கண்டது என்ன?

மட்டாஞ்சேரி பக்கம் போயிருக்கீங்களா? பழைய கிடங்குத் தெருக்களில் இன்னும் மிளகு வாசனை அடிக்கும். அந்த மிளகைக் கொள்முதல் செய்யத்தான் 1583இல் கொச்சியில் வந்து இறங்கினார் பிலிப்போ சசெட்டி. 1540இல் ஃபிளாரன்ஸில் பிறந்தவர். வியாபாரிதான், ஆனா ஊருக்கு எழுதிய கடிதங்களில் செடி, மருந்து, மொழின்னு எல்லாம் இருக்கும்.

ஒரு கடிதத்தில் சமஸ்கிருதச் சொற்களையும் இத்தாலியச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தேவ–தீயோ, சர்ப்ப–செர்ப்பே, சப்த–செத்தே, அஷ்ட–ஒத்தோ, நவ–நோவே. வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் இந்த உறவைப் பேசியது 1786இல், சுமார் 200 வருஷம் கழித்து.

இங்கே கொஞ்சம் உஷாரா இருங்க. நம்ம 'எட்டு'கூட 'ஒத்தோ' மாதிரிதானே கேட்குது? அது தற்செயல். வாட்ஸ்அப் மொழி ஆராய்ச்சியெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். பெயர்ச்சொல் கடனாகவும் வரும். வினைச்சொல் விகுதியோடு சேர்ந்து ஒத்துப்போனால்தான் உறவு உறுதியாகும்.

அப்படி ஒரு சாட்சி துருக்கி மண்ணில் கிடைத்தது. அங்கே தோண்டி எடுத்த, 3,000 வருஷத்துக்கும் பழைய களிமண் பலகைகளின் ஹிட்டைட் மொழி எந்தக் குடும்பம் என்று 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி கண்டுபிடித்தார். அவருக்கு வழிகாட்டியதே 'சாப்பிடு' என்ற வினைதான். ஹிட்டைட்டில் 'நான் சாப்பிடுகிறேன்' என்பது 'ஏத்மி', சமஸ்கிருதத்தில் 'அத்மி'. 'நான்' என்று காட்டும் 'மி' இரண்டிலும் உண்டு.

சசெட்டி வினைச்சொல் வரை போகவில்லை. 1588இல், ஃபிளாரன்ஸ் திரும்பாமலேயே, கோவாவில் இறந்துபோனார்.