ஜோ கான்ஸ்: தராசில் ஏறி நின்ற வீரர்

வீரனுடைய பலத்தை அவன் வீழ்த்திய எதிரிகளின் தொகையைக் கொண்டே அளந்துவிடலாம் என்பது பலருடைய எண்ணம். அது முழுக் கணக்காகாது என்பது நம் அபிப்பிராயம். அவன் எத்தகைய நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் போர் புரிந்தான், அந்த நிபந்தனைகளை எழுதியவர் யார் என்பனவற்றையும் சேர்த்தே கூட்ட வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிறந்த கறுப்பு இனத்தவருள் முதன் முதலாகக் குத்துச் சண்டையில் உலகப் பட்டம் பெற்ற ஜோ கான்ஸ் என்பவரின் சரித்திரத்தை நாம் இன்று எடுத்துக் கொண்டது இக்காரணம் பற்றியே.

கான்ஸ் 1874-ம் வருஷம் நவம்பர் மாதம் 25-ந் தேதி மேரிலாந்து மாகாணத்தில் பால்டிமோர் நகரில் பிறந்தார். அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்பொழுது ஒன்பது வருஷங்களே ஆகியிருந்தன. மரியா கான்ட் என்ற மாது அவரை வளர்த்து வந்தாள். அவளுடைய குடும்பப் பெயரே பிற்காலத்தில் சற்றுத் திரிந்து கான்ஸ் என்று வழங்கலாயிற்று. இளமையில் அவர் பால்டிமோர் மீன் சந்தையில் சிப்பி உடைத்துக் கூலி பெற்றார். அக்காலத்தில் கறுப்புச் சிறுவர்கள் பலரை ஒரே மேடையில் ஏற்றிவிட்டு, கடைசி ஒருவன் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளச் செய்து வெள்ளையர் கண்டு களிக்கும் கொடிய வழக்கம் ஒன்றிருந்தது. கான்ஸும் அத்தகைய களத்திலிருந்து வெளிப்பட்டவரே. பிறகு ஆல் ஹெர்போர்டு என்ற வெள்ளையர் அவருக்கு மானேஜராக அமைந்தார்.

கான்ஸ் போர் புரியும் முறை சாஸ்திரம் கற்றவனுடைய முறை. வீணாக ஓர் அடியும் எடுத்து வைக்க மாட்டார். வீணாக ஒரு குத்தும் விட மாட்டார். எதிரியின் குத்து எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத் தோளசைவிலேயே கண்டு, அதைத் தம் கையுறையால் தடுத்து, அவன் நிலை தவறிய அந்தக் கணத்திலேயே குறுகிய நேர்க்குத்து ஒன்றை இறக்குவார். தூரத்தைக் கணிப்பதில் அவருக்கு ஈடானோர் மிகச் சிலர். பெரியண்ணா என்றோ வாத்தியார் என்றோ நம் சிலம்பக் கூடங்களில் மூத்த ஆசானை அழைப்பது போல, அவரைப் பழைய ஆசான் என்ற பொருள்படும் பட்டப் பெயரால் அமெரிக்கர் அழைத்தனர். இத்தனைக்கும் அவர் முப்பத்தைந்து பிராயத்துக்கு மேல் வாழ்ந்தவரல்லர்.

அவருடைய குறைகளை மறைத்துக் கூறுவது சரித்திரமாகாது. 1900-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நியூயார்க்கில் லைட்வெயிட் வீரர் பிராங்க் எர்னியை எதிர்த்துப் பட்டத்துக்குப் பொருதார். பன்னிரண்டாம் சுற்றில் தலைகள் மோதிக் கண்ணருகே பலத்த காயம் ஏற்பட்டது. கான்ஸ் போரை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். உடனே அவர் கோழை என்ற பேச்சு எழுந்தது. அதே வருஷம் டிசம்பர் 13-ந் தேதி சிக்காகோவில் டெர்ரி மக்கவர்னுடன் நடந்த பந்தயம் இதைவிடக் கேவலமாயிற்று. ஆற்றலில் குறையாத கான்ஸ் இரண்டாம் சுற்றிலேயே வீழ்ந்தார். மத்தியஸ்தராக நின்ற ஜார்ஜ் சைலரே அவர் உண்மையாகப் போர் புரிந்தாரா என்று பகிரங்கமாக ஐயுற்றார். முன்னேற்பாட்டின்படி நடந்த பொய்ப் போர் அது என்பதே அன்றும் பின்னும் பெரும்பாலோர் கொண்ட முடிவு. அதன் விளைவாகச் சிக்காகோவில் குத்துச் சண்டையே தடை செய்யப்பட்டது.

இக்குற்றத்தை நாம் எப்படி மதிப்பிடுவது? கான்ஸ் குற்றமற்றவர் என்று நாம் வாதாட வரவில்லை. பணம் கொடுத்து வந்த ஜனங்களை ஏமாற்றியது குற்றமே. ஆனால் எந்தப் பந்தயத்தில் எவருடன் நிற்பது, வருமானத்தில் எவ்வளவு பெறுவது என்பவையெல்லாம் மானேஜர் கையிலும் பந்தயச் சூதாடிகள் கையிலும் இருந்த காலம் அது. மறுத்த கறுப்பு வீரனுக்கு மறு பந்தயம் கிடையாது. ஒருவன் பிழைப்பு முழுவதும் மற்றொருவன் பிடியில் இருக்கையில் அவன் கொடுக்கும் சம்மதத்தைச் சுயேச்சையான சம்மதம் என்று எந்த நியாயஸ்தலமும் எளிதில் ஏற்காது. குற்றத்தில் பங்கு கான்ஸுக்கு உண்டு. பெரும் பங்கு அவரை ஆட்டி வைத்தோருக்கு உண்டு. இதுவே நம் தீர்ப்பு.

1902-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி கானடாவில் போர்ட் ஈரி என்னுமிடத்தில் அதே எர்னியுடன் மறுபடி நின்றார். எர்னியின் பழக்கங்களை முந்திய போரிலேயே படித்து வைத்திருந்த கான்ஸ், இரண்டு நிமிஷம் முடியுமுன் அவரை வீழ்த்தி உலகப் பட்டத்தை எய்தினார். கோழை என்ற பேச்சு அத்துடன் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. பட்டம் கிடைத்ததே யொழிய அதற்குரிய மரியாதை கிடைக்கவில்லை.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். கான்ஸ் உலக வீரராக இருக்கும்பொழுதே வெள்ளையருக்கென்று தனியாக ஒரு லைட்வெயிட் பட்டம் கற்பிக்கப்பட்டது. ஜிம்மி பிரிட் என்பவர் அதற்கு உரிமை கொண்டாடினார். 1905-ம் வருஷம் செப்டம்பரில் டென்மார்க்கில் பிறந்த பாட்லிங் நெல்ஸன் அவரை வென்று அதை எடுத்துக்கொண்டார். இதற்கு முன்பே 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ரயிலில் இரு இனத்தாருக்கும் தனித்தனி வண்டி வைப்பது சமத்துவத்துக்கு விரோதமன்று எனத் தீர்ப்பளித்திருந்தது. ரயில் வண்டியைப் பிரித்த கை பட்டத்தையும் பிரித்தது. தனியாகப் பிரிப்பவன் சமமாக வைப்பதற்காகப் பிரிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமோ?

இவ்விரு பட்டங்களும் மோதிய இடம் நெவாடா பாலைவனத்தில் தங்கச் சுரங்கங்களால் திடீரென முளைத்த கோல்ட்பீல்டு என்னும் ஊர். டெக்ஸ் ரிக்கார்டு என்பவர் 30,000 டாலர் பரிசு அறிவித்து, அத்தொகையைத் தங்க நாணயங்களாக ஜன்னலில் அடுக்கி வைத்து ஊர் பார்க்கச் செய்தார். கான்ஸ் அப்பொழுது ஹெர்போர்டை விட்டு விலகிக் கையில் காசின்றி இருந்தார். இது நெல்ஸனின் மானேஜர் பில்லி நோலனுக்குத் தெரியும். ஒப்பந்தத்தை அவர் தம் இஷ்டப்படி எழுதினார். உலகப் பட்டத்தை உடையவர் கான்ஸ். ஆனால் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நெல்ஸனுக்கு! எடை 133 ராத்தலுக்கு மேற்படலாகாது; அதுவும் பாதரட்சை உள்ளிட்ட போர் உடுப்புடன் நிறுக்க வேண்டும்; பந்தய தினத்திலேயே மூன்று முறை தராசில் ஏற வேண்டும். கான்ஸ் இயற்கையில் அதைவிடக் கனத்த தேகம் உடையவர். உணவையும் நீரையும் அடக்கி, உடலை வற்றச் செய்தாலன்றி அந்த எடைக்கு இறங்க முடியாது. போருக்கு முன்பே அவரைப் பாதி வெல்லுவதற்கு வகுத்த வழி இது. கான்ஸ் எல்லாவற்றுக்கும் இசைந்தார். மூன்று முறையும் தராசில் ஏறினார். மூன்று முறையும் எடைக்குள் நின்றார்.

1906-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 3-ந் தேதி பாலைவன வெயிலில் போர் ஆரம்பமாயிற்று. முடிவு காணும்வரை சண்டை என்பது ஏற்பாடு. நெல்ஸன் அடி தாங்குவதில் கல் போன்றவர். தலையால் முட்டுவதிலும் கீழே குத்துவதிலும் கூச்சமற்றவர். கான்ஸோ அவரைப் பல முறை கீழே தள்ளியும், விழுந்தவரைக் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். முப்பதுக்கு மேற்பட்ட சுற்றுக்களுக்குப் பின் கான்ஸின் வலக்கை எலும்பு முறிந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இடக்கையையே நம்பி நின்றார். 42-ம் சுற்றில் நெல்ஸன் இடுப்புக்குக் கீழே குத்தினார், கான்ஸ் சாய்ந்தார். மத்தியஸ்தர் நெல்ஸனைத் தள்ளுபடி செய்து கான்ஸுக்கு ஜயம் என்று தீர்ப்பளித்தார். இரண்டே முக்கால் மணி நேரம் நடந்த அப்போரில் மத்தியஸ்தர் யார்? சிக்காகோவில் கான்ஸின் நேர்மையை ஐயுற்ற அதே ஜார்ஜ் சைலர்! கூடியிருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர். அவர்கள் கான்ஸின் வெற்றியை ஆரவாரத்துடன் ஏற்றனர். ஆறு வருஷக் களங்கம் ஒரே பகலில் நீங்கிற்று.

வந்த பணத்தைக் கொண்டு அவர் பால்டிமோரில் கோல்ட்பீல்டு ஹோட்டல் என்ற விடுதியைத் திறந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து அங்கே சங்கீதம் கேட்டனர். பின்னர்ப் பெரும் புகழ் பெற்ற யூபி பிளேக் அங்குப் பியானோ வாசித்தவர். நீதிமன்றம் பிரித்ததை ஒரு குத்துச் சண்டை வீரர் தம் சொந்தச் செலவில் ஓர் இடத்திலேனும் சேர்த்து வைத்தார் என்று சொல்லலாம்.

ஆயினும் தேகம் பழி வாங்கத் தவறவில்லை. க்ஷயரோகம் அவரைப் பற்றியிருந்தது. 1907-ல் கிட் ஹெர்மனையும் பிரிட்டையும் வென்றாரெனினும், 1908-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி கலிபோர்னியாவில் கோல்மா என்னுமிடத்தில் நெல்ஸனிடம் 17-ம் சுற்றில் பட்டத்தை இழந்தார். செப்டம்பரில் மறுபடி முயன்று 21-ம் சுற்றில் தோற்றார். எடை குறைப்பதற்காக வருஷக்கணக்கில் உடலை வதைத்தது நோய்க்கு இடம் கொடுத்தது என்று கருதியோர் உண்டு. நோயின் மூலம் கிருமியே; எனினும் பட்டினியால் மெலிந்த தேகத்தில் அது எளிதில் வேரூன்றும் என்பதை வைத்தியம் அறிந்தோர் மறுக்க மாட்டார்கள்.

1910-ல் வறண்ட காற்றை நாடி அரிஸோனாவில் பிரெஸ்காட் என்ற ஊரில் தங்கினார். குணமில்லை என்று கண்டதும், பிறந்த ஊரில் உயிர் விட விரும்பி ரயிலேறிப் பால்டிமோர் வந்து சேர்ந்தார். ஆகஸ்டு 10-ந் தேதி காலமானார். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன் ஜூலை 4-ந் தேதியன்று, கறுப்பு வீரர் ஜாக் ஜான்ஸன் ரீனோவில் ஜெப்ரீஸை வென்றார். அவ்வெற்றியைப் பொறாத வெள்ளையர் பல நகரங்களில் கறுப்பரைத் தாக்கினர். உயிர்ச் சேதமும் நேர்ந்தது. கோல்ட்பீல்டில் எழுந்த ஆரவாரத்தை மட்டும் கண்டு உலகம் மாறிவிட்டதென்று எவரேனும் மகிழ்ந்திருந்தால், இச்செய்தி அவர்கள் கண்ணைத் திறந்திருக்கும்.

பால்டிமோரில் மவுன்ட் ஆபர்ன் இடுகாட்டில் கான்ஸ் உறங்குகிறார். அவருக்குரிய மரியாதை தாமதமாக வந்தது. 1990-ல் சர்வதேசக் குத்துச் சண்டை மண்டபத்தில் முதல் வரிசையிலேயே அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

பொதுக் காரியங்களில் உழைக்கும் நம் வாசகர்கள் அவர் வாழ்விலிருந்து இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்தல் நலம். ஒருமுறை தவறியவன் மறுபடி எழுந்து நேர்மையை நிலைநாட்டலாம். அதற்கு ஆறு வருஷமும் 42 சுற்றும் ஆகலாம். இது முதலாவது. போர் நியாயமாக நடந்ததென்று எவரேனும் கூறினால் போரை மட்டும் பார்க்கலாகாது. அதற்கு முன் எழுதிய ஒப்பந்தத்தையும் வாங்கிப் படிக்க வேண்டும். இது இரண்டாவது. எழுதியவன் ஒருவனாகவும், தராசில் ஏறியவன் மற்றொருவனாகவும் இருக்கக் கண்டால், அந்த ஒப்பந்தத்தில் நியாயம் இல்லை என்று அஞ்சாமல் சொல்லுங்கள்.