பிலால் (ரலி) அவர்களின் திருக்குரல்

பாங்கொலி கேட்கும்போதெல்லாம் நம் நெஞ்சில் எழும் திருப்பெயர் ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களுடையது. அவர்களைப் பற்றி நம் இல்லங்களில் வழிவழியாக வழங்கிவரும் கதை ஒன்றுண்டு. அபிசீனிய வழிவந்த அவர்களின் நாவுக்கு ஷீன் என்னும் எழுத்து வசப்படவில்லை. அதனை ஸீன் என்றே ஒலித்தார்கள். குறை கூறியோரின் பேச்சால் வேறொருவர் பாங்கு சொன்னார். அன்று பொழுதே புலரவில்லை என்பது அக்கதை.

அன்பினால் சொல்லப்படுவதே எனினும் இதற்கு ஆதாரம் இல்லை. ஹதீஸ் கலை மேதை இமாம் மிஸ்ஸீ அவர்களும், அன்னாரின் மருமகனும் 1373-ல் மறைந்தவருமான இமாம் இப்னு கஸீர் அவர்களும் இதனை மறுத்துள்ளனர். பிலால் (ரலி) அவர்கள் தெளிந்த நாவன்மை மிக்கவர்கள் என்றே இப்னு கஸீர் எழுதிச் சென்றார்.

உண்மை வரலாறோ கதையினும் இனிது. தந்தை ரபாஹ், தாய் ஹமாமா என்னும் அபிசீனிய அடிமைப் பெண். பிலால் (ரலி) அரபு மண்ணிலேயே பிறந்து, அரபு மொழியிலேயே வளர்ந்தவர்கள். உமையா இப்னு கலஃபின் அடிமையாய், சுடுமணலில் கிடத்தப்பட்டு, மார்பில் பாறை அழுத்தியபோதும் இறைவன் ஒருவனே என்னும் சொல்லை அந்நா விடவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள்.

622-ல் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா சேர்ந்தபின், பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) என்னும் மதீனத்து அரபியர். ஆயினும் அவற்றைப் பிலாலுக்குக் கற்பிக்குமாறு நாயகம் (ஸல்) பணித்தார்கள். பிலாலின் குரலே வளமும் வீச்சும் மிக்கது என்பதே அவர்கள் கூறிய காரணம். நாள்தோறும் பாங்கில் எழுத்துப் பிழை நேர்ந்திருப்பின், சிறு செய்தியையும் விடாது அறிவித்த தோழர்கள் அதனைச் சொல்லாது விட்டிருப்பரோ?

630-ல் மக்கா வெற்றியன்று கஃபாவின் மீதேறிப் பாங்கு சொன்னார்கள். தம் தந்தையர் இக்குரலைக் கேளாமலே மாண்டது நன்று எனக் குறைஷியர் சிலர் முணுமுணுத்தனர். குரலில் என்ன குறை கண்டனர்? அதற்குரியவரின் நிறமும் குலமுமே அவர்கள் செவியை உறுத்தின. மாந்தரில் இறையச்சம் மிக்கவரே மேலானவர் என்னும் திருவசனம் இத்தருணத்தில் இறங்கியதாக விரிவுரையாளர் சிலர் உரைப்பர்.

632-ல் நாயகம் (ஸல்) மறைந்தபின் பிலால் (ரலி) ஷாம் நாடு சென்றார்கள். உமர் (ரலி) அங்கு வந்தபோது மீண்டும் அக்குரல் எழ, பெருமானாரின் காலத்தை நினைந்து தோழர்கள் கண்ணீர் உகுத்தனர். டமாஸ்கஸ் நகரிலேயே அவர்கள் இறையடி சேர்ந்தார்கள்.

அபிசீனியர் எனில் நா திருந்தாது என்னும் எண்ணமன்றோ அக்கதையை நம்மை நம்பச் செய்தது? உண்மையாகவே நா தடுமாறுவோரும் நம்மிடையே உளர். திணறித் திணறிக் குர்ஆன் ஓதுவோருக்கு இரு நற்கூலி உண்டென்பது நபிமொழி. புதிதாக ஓத வந்த முதியவரின் உச்சரிப்பைக் கேட்டு நம் பிள்ளைகள் நகைக்கும்போது, இவ்வரலாற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோமாக!