கற்குன்றுகளைத் தேடி வந்த ஓவியர்

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் உள்ளன. அங்கு மழை குறைவு. செம்மண் நிலமும் முட்புதர்களும் கண்ணுக்கு எட்டிய தூரம் பரந்திருக்கும். அவற்றுக்கு நடுவே கற்குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். சில குன்றுகளின் உச்சியில் இடிந்த கோட்டைச் சுவர்களை இன்றும் காணலாம். 1792-ஆம் ஆண்டுக் கோடையில், சித்திரை வெயில் கொளுத்திய நாள்களில், இரண்டு ஆங்கிலேயர்கள் இந்தக் குன்றுகளைத் தேடி வந்தார்கள். அவர்கள் படைவீரர்களும் அல்லர், வணிகர்களும் அல்லர். தாளும் கரிக்கோலும் வண்ணங்களும் கொண்டு வந்திருந்தார்கள். மூத்தவர் தாமஸ் டேனியல். இளையவர் அவருடைய உடன்பிறந்தவரின் மகன் வில்லியம் டேனியல்.

தாமஸ் 1749-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். விடுதி நடத்திப் பிழைத்த எளிய குடும்பம் அது. செல்வர்களின் பிள்ளைகளைப் போல ஆசிரியர் வைத்து ஓவியம் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இளமையில் குதிரை வண்டி செய்யும் பட்டறையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பிரபுக்களின் வண்டிக் கதவுகளில் அவர்களுடைய குலச் சின்னங்களைத் தீட்டுவதே அவருடைய வேலை. சிங்கம், கேடயம், கிரீடம் போன்றவற்றை நாள்தோறும் பிசகாமல் வரைய வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால், கோடு தவறக்கூடாது என்ற ஒழுங்கை அந்தப் பட்டறைதான் அவருடைய கையில் ஏற்றியிருக்க வேண்டும். 1773-இல் இலண்டன் அரச கலைக்கழகத்தின் பள்ளியில் அவர் இடம்பெற்றார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தும் பெயரும் பணமும் வந்து சேரவில்லை. இயற்கைக் காட்சி வரையும் ஓவியர்கள் அந்நகரில் ஏராளமாக இருந்தனர்.

ஆகவே தாமஸ், பிறர் வரையாத நிலத்தைத் தேடினார். கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இந்தியா செல்ல அனுமதி கேட்டுப் பெற்றார். 1785 ஏப்ரல் மாதம் கப்பல் ஏறினார். தந்தையை இழந்து தம் பொறுப்பில் வளர்ந்த வில்லியத்தையும் உடன் அழைத்துக்கொண்டார். அப்போது வில்லியத்துக்குப் பதினைந்து, பதினாறு வயது. ஏறக்குறைய உங்கள் வயதுதான். கப்பல் முதலில் சீனாவுக்குச் சென்றது. 1786-இன் தொடக்கத்தில்தான் இருவரும் கல்கத்தாவை அடைந்தனர். பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கொடியேற்றியதும் அதே ஆண்டில்தான்.

கல்கத்தாவில் அவர்கள் முதலில் நகரத்தை வரைந்தார்கள். பன்னிரண்டு காட்சிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். கையில் சிறிது பணம் சேர்ந்ததும் 1788-இல் வடக்கே புறப்பட்டார்கள். கங்கை வழியாகப் படகிலும், பின்னர் நிலத்திலும் பயணம் செய்து ஆக்ரா, தில்லி ஆகிய நகரங்களைக் கடந்து இமயமலை அடிவாரம் வரை சென்றார்கள். அங்கே மலைகளுக்கு இடையில் ஆறுகள் அறுத்துச் செல்லும் ஆழமான பள்ளத்தாக்குகளை முதன்முதலாகக் கண்டார்கள். கட்வால் நாட்டின் ஸ்ரீநகரில் அலக்நந்தா ஆற்றின் மேல் தொங்கிய கயிற்றுப் பாலத்தைத் தாமஸ் வரைந்தார். காஷ்மீரத்து ஸ்ரீநகர் வேறு, இது வேறு.

தாமஸ் வேலை செய்த முறையை இங்குக் கூற வேண்டும். அன்று நிழற்படக் கருவி இல்லை. அவர்களிடம் இருந்தது ஓர் இருட்டுப் பெட்டி. அதன் முன்புறம் ஒரு வில்லை. உள்ளே ஒரு கண்ணாடி. வெளியே உள்ள காட்சி வில்லையின் வழியாகப் புகுந்து, கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தாளின் மீது நிழலாக விழும். அந்த நிழலின் மேல் கரிக்கோலை ஓட்டினால், மலையின் விளிம்பும் கோபுரத்தின் உயரமும் அளவு பிசகாமல் கிடைக்கும். அதன் பிறகு மெல்லிய நீர்வண்ணத்தால் ஒளியையும் நிழலையும் காட்டுவார்கள். கடந்த தூரத்தை அளக்கச் சக்கரம் ஒன்றையும் உருட்டிச் சென்றார்கள். வில்லியம் நாள்தோறும் குறிப்பு எழுதினார்.

அவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வில்லியம் ஹோட்ஜஸ் என்னும் ஆங்கில ஓவியர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து படங்களை வெளியிட்டிருந்தார். அவர் கேப்டன் குக்குடன் பசிபிக் கடலில் பயணம் செய்தவர், புகழ்பெற்றவர். டேனியல்கள் அவருடைய அச்சுப் படங்களையும் தங்களுடன் எடுத்துச் சென்றார்கள். ஹோட்ஜஸ் வரைந்த இடங்களுக்கே போய், படத்தையும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பல இடங்களில் படம் அழகாக இருந்தது. இடம் வேறாக இருந்தது.

இந்த வேறுபாடு சிறியதன்று. தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தை ஒருவர் நிமிர்த்தி வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் ஒழுங்காகவும் அழகாகவும் இருக்கலாம். ஆனால், நம் ஊர்க்காரர் எவரும் அதைத் தெலுக் இந்தான் என்று ஏற்கமாட்டார். 1885-இல் கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தின் வரலாறே அதன் சாய்வில்தானே இருக்கிறது! தாமஸ் சாய்வைச் சாய்வாகவே வரைய விரும்பியவர்.

1791-இன் இறுதியில் இருவரும் கல்கத்தாவுக்குத் திரும்பினர். அடுத்த பயணத்துக்குப் பணம் வேண்டும். வரைந்த ஓவியங்களையெல்லாம் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்தினார்கள். சீட்டு வாங்கியவர்களில் வென்றவர்களுக்கு ஓவியம். அவர்களுக்கோ தெற்கே போகப் பணம். 1792 மார்ச் மாத இறுதியில் சென்னையை அடைந்து, ஏப்ரலில் உள்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். இரண்டு பல்லக்குகள், அவற்றைச் சுமப்போர், சமையல்காரர், மாடு ஓட்டுவோர், பொருள் சுமப்போர் என ஏறத்தாழ ஐம்பது பேர் உடன் சென்றனர்.

காலம் சாதாரணமானதன்று. திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அந்த மார்ச் மாதத்தில்தான் உடன்படிக்கையுடன் முடிந்திருந்தது. பாராமகால் என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணகிரிப் பகுதி கம்பெனியின் கைக்கு மாறியிருந்தது. அதனால்தான் இரண்டு ஓவியர்களால் அந்த மலைக்கோட்டைகளை நெருங்க முடிந்தது. ஒசூர், இராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம் என்று கோட்டை கோட்டையாக நின்று வரைந்தார்கள்.

வெட்டவெளியில் பாறையை வரைவது எளிதன்று. மரத்தையோ ஆற்றையோ வரையும்போது கண்ணுக்கு ஏதேனும் பற்றுக்கோடு கிடைக்கும். மொட்டைப் பாறையில் அப்படி எதுவும் இல்லை. காலையில் பழுப்பாகத் தெரியும் குன்று நண்பகலில் வெளிறிப்போகும். மாலையில் செம்மை ஏறும். வெயில் நகர நகர நிழலும் நகரும். தூரிகையில் தொட்ட நீர்வண்ணம் தாளில் பரவும் முன்பே காய்ந்துவிடும். எனவே வரைபவர் ஒரு பொழுதைத் தேர்ந்து, அந்தப் பொழுதின் நிழலை விரைவாகப் பிடிக்க வேண்டும். தாமஸின் மலைக்கோட்டைப் படங்களில் நிழல் விழும் பக்கம் தெளிவாக இருக்கும். பாறையின் கனம் அந்த நிழலில்தான் தெரிகிறது. ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளை நின்று வரைந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அங்கிருந்து திருச்சிராப்பள்ளி, மதுரை எனத் தெற்கே சென்றார்கள். காவிரியிலிருந்து மலைக்கோட்டையை வரைந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணி ஆறு மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்தையும் அடைந்தார்கள். வறண்ட குன்றுகளையே பார்த்துவந்த கண்களுக்கு, பாறைகளுக்கு நடுவே வெண்ணிறமாகக் கொட்டும் நீர் எப்படி இருந்திருக்கும்! அந்த அருவியின் படம் அவர்களுடைய படைப்புகளில் பலராலும் விரும்பப்படும் ஒன்று. பிற்காலத்தில் ஆற்றின் மேற்பகுதியில் அணை எழுந்தது; நீர்மின் நிலையமும் வந்தது. அணைக்கு முற்பட்ட தாமிரபரணியை நாம் காண இப்படமே உதவுகிறது. திரும்பும் வழியில் தஞ்சைப் பெரிய கோயிலையும், பின்னர் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களையும் வரைந்தார்கள்.

இப்படங்களில் எல்லாம் இருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. போரின் துயரம் அவற்றில் பெரும்பாலும் தென்படுவதில்லை. கோட்டைகள் அமைதியாக நிற்கின்றன. கீழே சில மனிதர்கள் சிறு உருவங்களாக நடமாடுகிறார்கள். வெயிலில் பல்லக்குச் சுமந்தவர்களின் பெயரும் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை. கம்பெனியின் அனுமதியோடு வந்தவர் கம்பெனியின் வெற்றியைக் கேள்வி கேட்கவில்லை. மலையின் அளவைப் பிசகாமல் வரைந்த கை, மனிதரின் நிலையை அதே அக்கறையுடன் வரையவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

1793-இல் சென்னையிலும் ஒரு குலுக்கல் நடத்திவிட்டு, பம்பாய்க்குச் சென்று குகைக் கோயில்களை வரைந்தார்கள். 1794 செப்டம்பரில் இங்கிலாந்து திரும்பினார்கள். புறப்பட்டபோது சிறுவனாக இருந்த வில்லியம் இருபத்தைந்து வயது இளைஞராகத் திரும்பினார்.

உண்மையான உழைப்பு அதன் பிறகுதான் தொடங்கியது. பெட்டிகளில் குவிந்திருந்த கோட்டோவியங்களை அச்சுக்குக் கொண்டுவர வேண்டும். நீர்வண்ணத்தின் மென்மையை அச்சில் காட்ட அன்று ஒரு முறை இருந்தது. செப்புத் தகட்டின் மீது குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி ஒட்டச் செய்வார்கள். பிறகு தகட்டை அமிலத்தில் நனைப்பார்கள். பொடிக்கு இடையிலுள்ள செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். அதிக நேரம் அரித்த இடம் கருமையாகவும், குறைந்த நேரம் அரித்த இடம் வெளிறியும் அச்சாகும். ஒரு கணம் தவறினால் தகடு பாழாகிவிடும். இந்த முறையில் தேர்ச்சி பெற வில்லியம் ஏழு ஆண்டுகள் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை உழைத்தார் என்று கூறுவர். அச்சான தாள்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள்.

இவ்வாறு 1795 முதல் 1808 வரை 144 படங்கள் ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். சாதாரண மக்கள் நினைத்துப் பார்க்க முடியாத தொகை அது. வண்டிக் கதவில் சின்னம் தீட்டிய தாமஸ், 1799-இல் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினரானார். அவருடைய ஓவியங்களைப் பார்த்து இங்கிலாந்துச் செல்வர்கள் இந்தியப் பாணியில் மாளிகை கட்ட ஆசைப்பட்டார்கள். செசின்கோட் என்னும் மாளிகையின் தோட்டத்தில் நந்தி உருவங்கள் அமர்ந்த பாலம் இன்றும் இருக்கிறது. அத்தோட்டத்தின் அமைப்புக்குத் தாமஸ் ஆலோசனை கூறினார்.

அந்தப் படங்கள் நமக்கு எதற்கு என்று ஒரு மாணவர் கேட்கலாம். மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனை இடிந்து கிடந்த நிலையை அவை காட்டுகின்றன. அதைப் பழுதுபார்த்தது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான். மேலும், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம் வட்டாரங்களிலிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் பலர் கப்பலேறி இங்கு வந்தார்கள். பேராக் மாநிலத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பாட்டன், பூட்டன் வாழ்ந்த மண் அன்று எப்படி இருந்தது என்பதற்கு நிழற்படம் கிடையாது. டேனியல்களின் படங்கள் இருக்கின்றன. வில்லியத்தின் கை மலாயாவையும் தொட்டிருக்கிறது. ராபர்ட் ஸ்மித் என்னும் படை அதிகாரி வரைந்த பினாங்குக் காட்சிகளை அவர்தாம் தகட்டில் செதுக்கி 1821-இல் வெளியிட்டார். பினாங்கு மலையிலிருந்து கடலை நோக்கும் காட்சிகள் அவற்றில் உள்ளன.

பாறை நிலத்தை நேரில் கண்டு வரையும் இந்த வேலை தமிழ் மண்ணோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தாமஸ் மோரன் என்ற மற்றொரு தாமஸ், 1873-இல் பாலைநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த மாபெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று வரைந்தார். அவர் தீட்டிய பெரிய ஓவியத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. அந்தப் பள்ளத்தாக்கு 1919-இல் தேசியப் பூங்காவானது. பலரால் நேரில் போக முடியாத நிலத்தை ஓர் ஓவியம் அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விதைக்கும்.

தாமஸ் டேனியல் திருமணம் செய்துகொள்ளவில்லை. இந்தியக் கோட்டோவியங்களைப் பார்த்துப் பல ஆண்டுகள் எண்ணெய் ஓவியங்களைத் தீட்டினார். மீண்டும் இந்தியாவுக்கு வரவில்லை. மகனைப் போல் வளர்த்த வில்லியம் 1837-இல் அவருக்கு முன்பே காலமானார். 1839-இல் பாரிஸ் நகரில் நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பாராமகால் வெயிலில் தாமஸ் சுமந்து திரிந்ததைப் போன்ற இருட்டுப் பெட்டிதான் அது. தாள் விரித்த இடத்தில் ஒளியை ஏற்கும் வெள்ளித் தகடு இருந்தது. அடுத்த ஆண்டு, 1840 மார்ச் 19-ஆம் நாள், தொண்ணூறு வயதைக் கடந்த தாமஸ் டேனியல் இலண்டன் கென்சிங்டனில் காலமானார்.