லேபர் கேம்ப் கண்ட பாட்டுக்காரர்

மாட்டுங்கா லேபர் கேம்ப் தாராவிக்காரர்களுக்குத் தெரிந்த இடம். அங்குதான் 1944-ம் ஆண்டு 'லால் பாவ்டா' என்ற செங்கொடிக் கலைக்குழு பிறந்தது. தொடங்கியவர்கள் மூவர்: அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர்.

சாத்தேயின் சொந்தப் பெயர் துக்காராம். 1920 ஆகஸ்டு 1-ந் தேதி வாட்டேகாவ் கிராமத்தில், ஒடுக்கப்பட்ட மாங் சமூகத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது ஒன்றரை நாள்தான் என்பார்கள். பிழைப்புத் தேடிக் குடும்பம் பம்பாய்க்கு நடந்தே வந்தது. ரெயிலுக்கு ஏது காசு? ஆலையில் கூலி வேலை கிடைத்தது.

தமாஷா அவர்கள் குடும்பத்துக் கலை. உறவினர் பாபு சாத்தேயின் குழுவில் அவரும் பாடினார். பிறகு அதே டோலக்கியுடன் தொழிலாளர் நடுவே வந்து நின்றார். பிள்ளையார் துதி இருந்த இடத்தில் தாய்மண்ணுக்கு வணக்கம். கண்ணன்-கோபியர் சரசம் இருந்த இடத்தில் வேலைநிறுத்தமும் வட்டிக்காரனும். தமாஷாவுக்கு அரசு தடை போட்டதும், 'லோகநாட்டியம்' என்று பெயரை மாற்றி ஆடினார். கெட்டிக்காரர்தான்!

பம்பாயை மராட்டியத்துடன் சேர்க்கும் போராட்டத்தில் அவர் கட்டிய 'மாஜீ மைனா' பாட்டு, மனைவியை ஊரில் விட்டு வந்த கூலிக்காரனின் ஏக்கம். பிரிந்த மனைவியையும் பிரிக்கப்பட்ட மண்ணையும் ஒன்றாக்கிப் பாடினார். திருநெல்வேலியில் குடும்பத்தை விட்டு வந்தவருக்கு விளக்கம் வேண்டாம். 1960 மே 1-ந் தேதி மாநிலம் உதயமாயிற்று.

'பக்கீரா' நாவலுக்கு 1961-ல் அரசுப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ரஷ்யாவுக்கும் போய் வந்தார். ஆனாலும் நெடுங்காலம் குடியிருந்தது காட்கோபர் சிராக் நகர் குடிசையில்.

1969 ஜூலை 18-ந் தேதி, 48 வயதில், வறுமையில் மறைந்தார். அடுத்த மாதமே அமர் ஷேக்கும் விபத்தில் இறந்தார்.