களைத்தவனுக்கும் ஓர் ஆசான்

சென்ற ஐப்பசியில் எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலம் முடிந்ததும் தில்லிக் கொசுக்கள் நமக்குச் செய்யும் உபகாரம் அது. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கியது, களைப்பு இறங்கவில்லை. விடுதியின் இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் நடுப்படியில் உட்கார வேண்டியிருந்தது. நூலகத்தில் புத்தகத்தை விரித்தால் எழுத்துக்கள் நீந்தின. ஓராண்டுப் படிப்புப் போனாலும் போகட்டும், ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுகூட எண்ணத் தொடங்கினேன்.

நண்பன் ஒருவன் வற்புறுத்த, ஒரு யோகாசன வகுப்பில் சேர்ந்தேன். அங்கே முப்பது பேருக்கும் ஒரே பாடம். பன்னிரண்டு சூரிய நமஸ்காரங்களில் ஆறாவதிலேயே எனக்குக் கண் இருண்டது. அடுத்த இரண்டு நாளும் படுக்கைதான். யோகம் நமக்கு ஆகாது என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவை மாற்றியவர் கரோல்பாகில் இருக்கும் ஒரு மாமி. இளவயதில் சென்னையில் யோகம் கற்றவர். அவர் வீட்டுச் சுவரில், நாமம் தரித்த முதியவர் ஒருவரின் படம் தொங்குகிறது. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் என்று சொன்னார். அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு நான் படித்தறிந்ததை, அன்பர்களே, உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் மைசூர் நாட்டின் முசுகுந்தபுரத்தில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார். தம் குலம் நாதமுனிகள் வழி வந்தது என்பதில் அவருக்குப் பெருமை அதிகம். பதினாறாம் வயதில் நம் ஆழ்வார்திருநகரிக்குப் போன இடத்தில், நாதமுனிகளே தோன்றி மறைந்துபோன யோக நூலொன்றை உபதேசித்ததாக அவர் சொல்வதுண்டு. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த நூல் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப யோகம் மாறவேண்டும் என்கிறது. கருவுற்ற பெண்டிரையும் அது மறக்கவில்லை. எனக்கு அதுவே போதும்.

காசியில் சாத்திரங்கள் பயின்றார். இவ்வளவு படித்துவிட்டுத் திரும்பியவருக்கு யோகத்தால் சோறு கிடைக்கவில்லை. ஹாசன் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை வேலை பார்த்தார். பிறகே மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு வாய்த்தது. ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். 1934-இல் கன்னடத்தில் ‘யோக மகரந்தம்’ எழுதினார்.

அந்நாளில் அவர் மகா கண்டிப்புக்காரர். 1938-இல் எடுத்த ஊமைப் படத்தில் அவர் ஆசனம் போடுவதைப் பார்த்தால் நமக்கே மூச்சு வாங்கும். அவரிடம் 1934-இல் வந்து சேர்ந்தான் மனைவியின் தம்பி, பதினைந்து வயதுப் பையன். மலேரியாவும் டைபாயிடும் காசமும் தின்ற உடம்பு. அந்தப் பையன் அடைந்த கடுமையை நினைத்தால் குருவின்மேல் எனக்கு மனத்தாங்கல்தான். ஆசான் பெரியவர் என்பதற்காக இதை மறைப்பானேன்? அப்பையன்தான் பிற்காலத்தில் உலகறிந்த பி. கே. எஸ். அய்யங்கார்.

மகாராஜா 1940-இல் காலமானார். சுதந்தரத்துக்குப் பின் அரண்மனையின் கை சுருங்கியது. 1950-இல் யோகசாலை மூடப்பட்டது. ஆறு பிள்ளைகளின் தகப்பன், அறுபதைக் கடந்தவர், மீண்டும் பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. 1952-இல் சென்னைக்கு வந்தார்.

அதே 1952-இல் நம் தில்லியில் ஒரு வேடிக்கை. வயலின் மேதை யெஹூதி மெனுஹின் வந்திருந்தார். பிரதமர் நேரு அவரைச் சிரசாசனம் செய்யச் சொல்லி, தாமும் தலைகீழாக நின்று காட்டினார். பிறகு பம்பாயில் அய்யங்கார் மெனுஹினைச் சந்தித்தார். களைத்துப் போயிருந்த அவரை அய்யங்கார் தலைகீழாக நிறுத்தவில்லை. படுக்க வைத்துக் கண்களையும் காதுகளையும் விரல்களால் மூடினார். மெனுஹின் தூங்கியே போய்விட்டார்! கண்டிப்பில் வளர்ந்த அந்தச் சீடர் களைப்பின் மருந்தைத் தாமாகவே கண்டுகொண்டார்.

சென்னையில் குருவும் மாறினார். அங்கே அவரைத் தேடி வந்தவர்கள் துள்ளிக் குதிக்கும் இளைஞர்கள் அல்லர். பக்கவாதம் கண்டவர், உறக்கம் தொலைத்தவர், முதியவர். நாடி பார்த்து, மூச்சைக் கவனித்து, ஆளுக்கொரு பாடம் வகுத்தார். பல ஆண்டுகளாகத் தூக்கமில்லாதிருந்த நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் தூங்கி எழுந்த மகிழ்ச்சியில் அவரைத் தெருவிலேயே கட்டிக்கொண்டார். அதைக் கண்டு திகைத்த மகன் தேசிகாச்சார், எஞ்சினியர் வேலையை விட்டுத் தந்தையிடமே மாணவரானார். அவர் 1976-இல் தந்தையின் பெயரால் யோக மந்திரம் நிறுவினார்.

லங்கணம் பரம ஔஷதம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கிருஷ்ணமாச்சாரியார் அப்பியாசத்திலும் லங்கணம் ஒன்று, பிரும்ஹணம் ஒன்று என்று பிரித்தார். வெளிமூச்சை நீட்டினால் உடம்பு இளகி இலேசாகும்; உள்மூச்சுக்கு இடம் கொடுத்தால் வலுக்கூடும். ஏற்கெனவே வற்றிக் கிடப்பவனை மேலும் வற்ற அடிக்கக் கூடாது. வலுவை ஊட்டுவதையும் ஒரே நாளில் ஊட்டக் கூடாது.

மாமி எனக்குச் செய்ததும் அதுதான். முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரத்தம் குறைந்திருந்தது, மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதன் பிறகே பாடம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துக்கொள்ள வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது கைகள் மெல்லத் தலைக்குப் பின்னே போகும். மூச்சோடு கூடவே திரும்பும். நான்கே முறை. மூச்சை அடக்கவே கூடாது. மறுநாள் களைப்பு மிகுந்தால் இரண்டு முறை. இதுவா யோகம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வாரம் கழித்து இடுப்பைச் சற்றே உயர்த்தச் சொன்னார், துவிபாத பீடமாம். பிறகு நாற்காலியில் அமர்ந்து சில. நின்று செய்ய மார்கழி பிறக்க வேண்டியிருந்தது.

கிருஷ்ணமாச்சாரியாருக்குத் தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை வேண்டாமென்றார். கட்டிலில் கிடந்தபடியே தமக்கும் ஒரு பாடம் வகுத்துக்கொண்டார். 1989 பிப்ரவரி 28-இல், நூறு வயது கடந்து, சென்னையில் மறைந்தார்.

செமஸ்டர் தேர்வை எழுதிவிட்டேன். இரண்டாம் மாடிக்கு இப்போது உட்காராமல் ஏறுகிறேன். முடியாத நாளும் உண்டு. அன்று மீண்டும் மல்லாந்து படுத்து நான்கு முறை.