இராமலிங்க அடிகளாரும் பசிப்பிணி நீக்கமும்

பெரியோர் சரித்திரத்தை நாம் படிப்பது பொழுதுபோக்கின் பொருட்டன்று; அவர்கள் நடந்த வழியில் ஓரடியேனும் நாமும் எடுத்துவைத்தற் பொருட்டேயாம். அந்நோக்கத்துடன், வள்ளலார் என உலகம் போற்றும் இராமலிங்க அடிகளாரின் சரித்திரத்தை இம்மாதம் நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் சமர்ப்பிக்கின்றோம்.

அடிகளார் சிதம்பரத்தை அடுத்த மருதூரில், கருணீகர் குலத்தில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் புதல்வராய் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ஆம் தேதி பிறந்தனர். கைக்குழந்தைப் பருவத்திலேயே தந்தையாரை இழந்து, சென்னையில் தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தனர். கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே அவருக்குப் பள்ளியாயிற்று. பின்னர்ச் சென்னையை நீங்கி, வடலூரை அடுத்த கருங்குழியில் வாசஞ்செய்து, 1865-இல் சன்மார்க்க சங்கத்தை ஸ்தாபித்தனர்.

ஏழைகள் பசியால் வாடுவதைக் கண்டு மனமுருகிய அடிகளார், பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்தளித்த நிலத்தில் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி சத்திய தருமசாலையைத் தொடங்கினர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிந்துவருகின்றது. சத்திய ஞானசபையோ 1872-இல்தான் வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது. முன்னர் அடுக்களை, பின்னரே சபை என்னும் இம்முறையை அன்பர்கள் ஊன்றி நோக்குவாராக.

பசித்து வந்தவனுடைய தேசம், சமயம், ஜாதி, நடத்தை ஆகியவற்றை விசாரியாது உடனே அன்னமிடல் வேண்டும் என்பதே ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் வற்புறுத்திய நெறி. 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்துத் திருமாளிகையில் அவர் மறைந்தனர். மூன்றாண்டுகளுக்குள் சென்னை ராஜதானியைப் பெரும் பஞ்சம் பற்றியது. அப்பொழுது சர்க்கார் நிவாரண வேலைகளில், நாள் முழுதும் உழைத்த ஆடவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமே போதும் என 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் துரை கூலியைக் குறைத்தனர். அங்கே சோதனை முன்னும் சோறு பின்னுமாயிருந்தது. வடலூரிலோ சோறே முன்னின்றது.

இனி நம் மணிமங்கலத்தைப் பார்ப்போம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளை நாடி வந்த பிறநாட்டுத் தொழிலாளர் பலர் நம்மைச் சூழ வாழ்கின்றனர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளமும் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கும் துன்பம் குலம் பார்த்து வருவதில்லை என்பதை நமக்குக் காட்டின. நம் சங்கத்து உதவி நிதியோ விண்ணப்பம், இரண்டு அங்கத்தினர் கையொப்பம், மாதக் கூட்டத்தின் தீர்மானம் ஆகிய மூன்றும் முடிந்த பின்னரே வெளிவருகின்றது. அதுவும் நம்மவர்க்கு மட்டுமே. பசி மாதக் கூட்டம் வரையில் காத்திராதன்றோ?

கல்வி உதவிக்கும் வைத்தியச் செலவிற்கும் விசாரணை இன்றியமையாததே. ஆயின், சங்கக் கட்டடத்தில் எந்நாளும் ஒரு மூட்டை அரிசியும் பருப்பும் இருத்தல் வேண்டும். பசித்து வந்தவர் எவராயினும் அன்றே கொடுத்துவிட்டுக் கணக்கைப் பின்னர் எழுதிக்கொள்ளலாம். நம் இல்லங்களில் கலியாணம் நடக்குங்கால் பந்தல் அலங்காரச் செலவில் ஒரு பங்கைக் குறைத்தாலே இதற்குப் போதும்.

அடுத்த கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணர எண்ணியுள்ளோம். அன்பர்கள் தவறாது வந்து ஆதரிப்பார்களாக.